வீட்டு இணையம்: கேபிள் இழுப்பதா, மாடியில் ஏர்ஃபைபர் வைப்பதா? முழுமையான வழிகாட்டி

புது வீட்டுக்குக் குடிபோனால் கேஸ் இணைப்புக்கு அடுத்து எல்லோரும் அலைவது நெட் இணைப்புக்குத்தான். சில வருடங்களுக்கு முன்பு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. தெருவில் யார் ஒயர் இருக்கிறதோ அவரிடம் வாங்கிக்கொள்வோம். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி வந்தது. அடுத்த வருடமே ஏர்டெல்லும் ஜியோவும் 5ஜி அலைவரிசையிலேயே வீட்டு இணையம் கொடுக்க ஆரம்பித்தன. இப்போது தமிழ்நாட்டில் ஓரளவு பெரிய ஊர் எதிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன: ஒயர் வழியாக வரும் கேபிள் அல்லது ஃபைபர் (ஒளி போகும் கண்ணாடி இழை), காற்று வழியாக வரும் ஏர்ஃபைபர்.

இரண்டில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் என் பதில் ஒன்றுதான். ஒழுங்கான ஃபைபர் உங்கள் வீட்டுக்குள் வரை வருமானால் அதை எடுங்கள், ஏர்ஃபைபரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆனால் 'ஒழுங்கான', 'வீட்டுக்குள் வரை' என்ற இரண்டு நிபந்தனைகளும் பல தெருக்களில் நிறைவேறுவதில்லை. அதனால் நிறுவனங்களின் விளம்பரங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் நேரத்தை வீணாக்காதீர்கள். பார்க்க வேண்டியது உங்கள் தெருக் கம்பத்தில் தொங்கும் ஒயரையும், உங்கள் மொட்டை மாடியில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கிடைக்கும் சிக்னலையும்தான். அதை எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: வீட்டுத் தேவையைக் கணக்குப் போடுங்கள்

முதலில் ஒரு சின்ன விஷயம். விளம்பரத்தில் வரும் 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. நாம் ஃபைல் அளவைச் சொல்வது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். இது தெரியாமல் பலர் வேகம் குறைகிறது என்று கேபிள்காரரிடம் சண்டை போடுகிறார்கள்.

நான்கு பேர் உள்ள சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். டிவியில் முழு எச்டி படம் ஓட 5 எம்பிபிஎஸ் போதும். 4கே என்றால் 15 எம்பிபிஎஸ். ஒருவர் வீடியோ மீட்டிங்கில் இருந்தால் இரண்டு பக்கமும் மூன்று, நான்கு எம்பிபிஎஸ். பிள்ளைகளின் ஃபோன்களையும் சேர்த்தால்கூட ஒரே நேரத்தில் 40 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுவது அபூர்வம். 50 அல்லது 100 எம்பிபிஎஸ் திட்டம் பெரும்பாலான வீடுகளுக்குத் தாராளம். 300, 500 என்று விற்கிறவர்களிடம் மயங்க வேண்டாம். சொன்ன 50 எம்பிபிஎஸ் எல்லா நேரமும் நிலையாகக் கிடைக்கிறதா என்பதுதான் நமக்கு முக்கியம்.

இந்த இடத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவில் ஓர் இணைப்பை 'பிராட்பேண்ட்' என்று அழைக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ்தான். 2023 தொடக்கத்தில்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். எனவே அந்தப் பெயரை வைத்து வேகத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வந்துவிட முடியாது.

வேகத்தைவிட மாத டேட்டா அளவுதான் பல வீடுகளில் முடிவைத் தீர்மானிக்கும். எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும், 4கே என்றால் 7 ஜிபி வரை. 'அன்லிமிடெட்' என்று எழுதியிருக்கும் திட்டங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. பெரிய நிறுவனங்களின் ஃபைபர் திட்டங்களில் அது மாதம் சுமார் 3300 ஜிபி, ஏர்ஃபைபர் திட்டங்களில் 1000 ஜிபி என்பதே வழக்கமாக இருந்துவருகிறது. அதைத் தாண்டினால் இணைப்பு துண்டிக்கப்படாது, ஆனால் வேகம் பயன்படுத்த முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். 1000 ஜிபியை 30 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 33 ஜிபி. 4கே டிவி தினமும் ஐந்து மணி நேரம் ஓடினால் அதுவே முடிந்துபோகும்.

சிசிடிவி வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இணையச் சேமிப்புக்கு இரவும் பகலும் 2 எம்பிபிஎஸ் வேகத்தில் படம் அனுப்பும் ஒரே ஒரு கேமரா, நாளைக்கு 21.6 ஜிபி எடுக்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 650 ஜிபி. பெரும்பாலான திட்டங்களில் அப்லோடும் கணக்கில் சேரும். அப்படிப்பட்ட வீட்டில் ஏர்ஃபைபர் மாதத்தின் மூன்றாவது வாரத்தில் படுத்துவிடும். கேமரா வீட்டிலேயே உள்ள பெட்டியில் பதிவு செய்வதாக இருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆள் நடமாடும்போது மட்டும் அனுப்பும்படி அமைத்தாலும் சமாளிக்கலாம்.

படி 2: 'கேபிள்' என்ற பெயரில் என்ன வருகிறது என்று பாருங்கள்

நம் ஊரில் கேபிள் நெட் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்கு விற்கப்படுகிறது. எது என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கவே கூடாது.

முதலாவது, டிவிக்கு வரும் அதே தடித்த கோ-ஆக்சியல் ஒயர். டிவி சேனல்களோடு சேர்த்து அதே ஒயரில் நெட்டும் வரும், வீட்டில் ஒரு கேபிள் மோடம் இருக்கும். டவுன்லோடு நன்றாகவே கிடைக்கலாம். அப்லோடுக்கு ஒதுக்கிய அலைவரிசை குறுகலானது என்பதால் வீடியோ மீட்டிங்கில் உங்கள் முகம் மற்றவர்களுக்கு உறைந்து நிற்கும். வழியில் உள்ள ஆம்பிளிஃபையர் பெட்டிகளுக்கு மின்சாரம் வேண்டும். கடற்கரை ஊர்களில் முனைகள் துருப்பிடித்து இரைச்சல் ஏறும். இது இப்போது குறைந்துவருகிறது. வேறு எதுவும் கிடைத்தால் இதை எடுக்காதீர்கள்.

இரண்டாவது, அடுக்குமாடிகளில் அதிகம் பார்ப்பது. ஃபைபர் கட்டிடம் வரைக்கும்தான் வரும். மாடிப்படி அடியிலோ கேட் பக்கத்திலோ ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு ஸ்விட்ச், அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் லேன் ஒயர். அப்லோடும் டவுன்லோடும் சமமாகக் கிடைக்கும். பெட்டிக்கு மின்சாரம் இருக்கும் வரை நன்றாகவே ஓடும். கரண்ட் போனதும் பெட்டியோடு சேர்ந்து மொத்தக் கட்டிடமும் படுத்துவிடும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் அப்போது பயனில்லை.

மூன்றாவது, வீட்டுக்குள் வரை வரும் ஃபைபர். நாம் தேட வேண்டியது இதைத்தான். அலுவலகத்தில் உள்ள கருவியிலிருந்து ஒரு கண்ணாடி இழை கிளம்பும். வழியில் ஸ்ப்ளிட்டர் என்ற சிறிய பிரிப்பான் அதன் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடும். இந்த ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. அலுவலகத்திலும் உங்கள் வீட்டிலும் கரண்ட் இருந்தால் போதும், நடுவில் உள்ள தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் நெட் ஓடும். ஜிபான் என்ற முறையில் இந்த வீடுகள் அத்தனையும் பங்கு போடுவது டவுன்லோடுக்கு சுமார் 2.5 ஜிகாபிட், அப்லோடுக்கு 1.25 ஜிகாபிட். உள்ளூர்க்காரர்கள் பலர் வைத்திருக்கும் ஈபான் என்ற இன்னொரு முறையில் இரண்டு பக்கமும் சுமார் 1 ஜிகாபிட். 32 வீடுகள் பங்கு போட்டாலும் இது தாராளமான அளவு.

உங்கள் தெருவில் எது என்று தெரிந்துகொள்ள கேபிள்காரரிடம் நேரடியாகவே கேளுங்கள்: "அண்ணே, ஃபைபர் வீட்டுக்குள்ள வரைக்கும் வருமா, இல்ல கீழ பாக்ஸ்ல இருந்து லேன் ஒயரா?" அடுத்த கேள்வி: "கரண்ட் போனா உங்க ஆஃபீஸ்ல பேக்கப் எவ்வளவு நேரம் நிக்கும்?" மூன்றாவது: "ஞாயித்துக்கெழம ஒயர் அறுந்தா யார் வருவாங்க?" இதற்கு ஒரு ஆளின் பெயரும் நம்பரும் பதிலாக வந்தால் நம்பலாம். கஸ்டமர் கேருக்கு ஃபோன் பண்ணுங்கள் என்ற பதில் வந்தால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

பக்கத்து வீட்டு விசாரணையை நான் மிகவும் நம்புகிறேன். ஒரே நிறுவனம் ஒரு தெருவில் அருமையாக ஓடும், இரண்டு தெரு தள்ளி வாரத்துக்கு ஒரு தடவை அறுந்து கிடக்கும். காரணம் நிறுவனத்தைவிட அந்த ஏரியா லைன்மேனும் ஒயர் போகும் வழியும்தான். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ட்ராப் ஒயர் மரக்கிளைகளுக்கு நடுவே போனால் அணில் கடிக்கும். தாழ்வாகத் தொங்கும் இடத்தில் லாரி இழுத்துக்கொண்டு போகும். வீட்டிலிருந்து கம்பம் வரை ஒயர் போகும் பாதையை ஒரு தடவை நடந்து பாருங்கள். கம்பத்தில் கொத்துக் கொத்தாகப் பழைய ஒயர் தொங்கி, ஜாயின்ட் பெட்டி மூடியில்லாமல் திறந்து கிடந்தால் அங்கே பராமரிப்பு எப்படி என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 3: ஏர்ஃபைபர் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பெயரில் ஃபைபர் இருந்தாலும் கடைசித் தூரம் ரேடியோ அலைதான். மொட்டை மாடியில் ஒரு வெளி யூனிட் வைப்பார்கள். அது பக்கத்து டவரைப் பார்க்கும். அதிலிருந்து ஒரு லேன் ஒயர் கீழே இறங்கி வீட்டு ரவுட்டருக்கு வரும். உள்ளே வைஃபை வழக்கம்போலத்தான்.

பெரும்பாலான இணைப்புகள் 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள 5ஜி அலைவரிசையில் ஓடுகின்றன. 2022 ஏலத்தில் ஜியோவும் ஏர்டெல்லும் நாடு முழுக்கத் தலா 100 மெகாஹெர்ட்ஸ் வாங்கியது இதில்தான். டவரின் ஒரு பக்கத்தில் உள்ள அத்தனை பேரின் ஃபோன்களும், ஏர்ஃபைபர் வீடுகளும் இதே 100 மெகாஹெர்ட்ஸைத்தான் பங்கு போடுகின்றன. ஒயரில் உங்கள் பங்காளிகள் 32 வீடுகள் என்று எண்ணிவிடலாம். காற்றில் அந்த எண்ணிக்கை நேரத்துக்கு நேரம் மாறும். பக்கத்து மைதானத்தில் கோயில் திருவிழா நடந்தால் அங்கே வந்திருக்கும் கூட்டமும் அன்று உங்கள் பங்காளிதான்.

இன்னொரு வித்தியாசம், ஒரே அலைவரிசையில் டவுன்லோடும் அப்லோடும் நேரத்தைப் பிரித்துக்கொள்கின்றன. பெரும்பகுதி நேரம் டவுன்லோடுக்குப் போகும். அதனால் டவுன்லோடு 100 காட்டும் இடத்தில் அப்லோடு 10, 15 என்று இருப்பது சகஜம். படம் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. யூடியூபுக்கு வீடியோ ஏற்றுபவருக்கும், கல்யாண ஃபோட்டோ அனுப்பும் ஸ்டூடியோக்காரருக்கும் தினமும் தலைவலி.

டவர் 5ஜி கிடைக்காத இடங்களில் 5 ஜிகாஹெர்ட்ஸ் உரிமமில்லா அலைவரிசையில் டிஷ் வைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. 2018-ல் இந்த அலைவரிசை பெரிய அளவில் திறந்துவிடப்பட்டதால் சிறு நிறுவனங்களும் கிராமப்புறங்களில் இதைச் செய்ய முடிகிறது. டிஷ்ஷும் எதிர்முனை கம்பமும் ஒன்றையொன்று கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதில் கட்டாயம். நடுவில் ஒரு வீடு இரண்டாம் மாடி கட்டினால் நெட் போச்சு.

படி 4: மாடியேறி அளந்து பாருங்கள்

ஹாலில் உட்கார்ந்து ஃபோனில் சிக்னல் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. கான்கிரீட் சுவர் 5ஜி அலையைப் பெருமளவு விழுங்கிவிடும். யூனிட் வைக்கப்போவது மாடியில், எனவே அங்கேதான் அளக்க வேண்டும்.

எந்த நிறுவனத்தின் ஏர்ஃபைபர் வாங்க நினைக்கிறீர்களோ அதே நிறுவனத்தின் சிம் உள்ள 5ஜி ஃபோன் வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் நண்பரை ஃபோனோடு ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தால் ஒரு பரிசோதனைப் பக்கம் திறக்கும். ஐஃபோனில் *3001#12345#*. திறக்காவிட்டால் சிக்னல் அளக்கும் இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன.

அதில் இரண்டு எண்கள் போதும். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம், மைனஸில் வரும். மைனஸ் 80 அல்லது பூஜ்யத்துக்கு இன்னும் நெருக்கம் என்றால் பிரமாதம். மைனஸ் 100 வரை பரவாயில்லை. மைனஸ் 110-க்குக் கீழே போனால் வேண்டாம். எஸ்ஐஎன்ஆர் என்பது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. 20-க்கு மேல் அருமை, 10-க்கு மேல் ஓடும், பூஜ்யத்தை ஒட்டி வந்தால் தொல்லைதான். பலம் நன்றாக இருந்தும் இந்த இரண்டாவது எண் மோசமாக இருக்கும் இடங்கள் நகரத்தில் நிறைய. சுற்றிலும் பல டவர்கள் ஒன்றையொன்று இடிக்கும் இடங்கள் அவை. கோடுகள் முழுசாகத் தெரியும், நெட் மட்டும் நகராது. மாடியின் நான்கு மூலைகளிலும், தண்ணீர்த் தொட்டி மேலேயும் அளந்து, எந்த மூலையில் எண் நன்றாக இருக்கிறது என்று குறித்து வையுங்கள். பொருத்த வருபவரிடம் அந்த மூலையைக் காட்டலாம்.

அடுத்து வேகம். காலை பத்து மணிக்கு எல்லா நெட்டும் நன்றாகத்தான் இருக்கும். ராத்திரி எட்டு முதல் பதினொன்று வரை சோதனை செய்யுங்கள். ஐபிஎல் நடக்கும் சமயமாக இருந்தால் இன்னும் நல்லது, அதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. ஒரு வார நாளும் ஒரு ஞாயிறும் பாருங்கள். காலையில் 250 காட்டிய இடம் ராத்திரி 20-க்கு இறங்கினால், நீங்கள் வாங்கப்போவது அந்த 20-ஐத்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் கேம் ஆடுபவர்களும் பிங் நேரத்தையும், அதாவது அனுப்பிய தகவலுக்குப் பதில் வர ஆகும் நேரத்தையும், பார்க்க வேண்டும். ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து, கமாண்ட் பிராம்ப்டில் பிங் கட்டளையோடு 8.8.8.8 என்ற முகவரியைக் கொடுங்கள். விண்டோஸில் நான்கு பதிலோடு நின்றுவிடும், திரும்பத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். நல்ல ஃபைபரில் 10 மில்லிசெகண்டுக்குள் சீராக வரும். 5ஜியில் 20 முதல் 40 வருவது பரவாயில்லை. 30, 35, 32 என்று வந்துகொண்டே இருந்து திடீரென 400 என்று குதித்தால் வீடியோ மீட்டிங்கில் அந்த நொடி குரல் அறுபடும்.

இதேபோல ஃபைபர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டிலும் அதே நேரத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். ரவுட்டர் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். பலர் சிரித்த முகத்தோடு சம்மதிப்பார்கள். அவர்களுக்கும் தங்கள் நெட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

படி 5: மழை, புயல், கரண்ட் கட்

மழை பெய்தால் ஏர்ஃபைபர் நின்றுவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அளவிலுள்ள அலைக்கு (படி 3-ல் சொன்ன 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அதே அலைவரிசை) மழைத்துளியால் ஏற்படும் இழப்பு மிகச் சொற்பம். 26 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கதையே வேறு. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில் ஒரு கிலோமீட்டருக்கு 15 டெசிபெல் அளவுக்கு இழப்பு வரும், அதாவது வந்து சேரும் சக்தி முப்பதில் ஒரு பங்காகிவிடும். உங்கள் யூனிட் எந்த அலைவரிசையில் ஓடும் என்று பொருத்த வருபவரிடம் கேட்டுவிடுங்கள்.

3.5-க்கு எதிரி மழையைவிட நனைந்த மரம். டவருக்கும் உங்கள் மாடிக்கும் நடுவே அடர்த்தியான வேப்பமரம் நின்றால் சித்திரையில் ஓடிய வேகம் ஐப்பசியில் ஓடாது.

புயல் என்று வந்துவிட்டால் இரண்டுக்குமே அடி உண்டு, அடி விழும் இடம்தான் வேறு. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட காற்றில் மரங்களோடு தலைக்கு மேல் தொங்கும் ஒயர்களும் அறுந்து விழும், ஒவ்வொரு தெருவாகப் போய் ஒட்டுவதற்கு நாள்கள் ஆகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொட்டிய மழையில் பிரச்சினை வேறு மாதிரி. தண்ணீர் தேங்கி மின்சாரம் நிறுத்தப்பட்ட பகுதிகளில் டவர்கள் பேட்டரி இருக்கும் வரைதான் தாங்கின. காற்றுக்கு ஒயர் பலவீனம், நீண்ட மின்தடைக்கு டவர் பலவீனம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒயர் நெட் வைத்திருக்கும் வீட்டில் கையில் வேறொரு நிறுவனத்தின் மொபைல் டேட்டா இருப்பது நல்லது. ஏர்ஃபைபர் எந்த நிறுவனமோ அதே நிறுவனத்தின் சிம்மை எல்லோரும் வைத்திருந்தால் டவர் படுக்கும் அன்று வீடே ஊமையாகிவிடும்.

அன்றாட மின்தடைக்கு வருவோம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையிலிருந்து மின்சாரத்தை நிறுத்தும் நாள்தான் சரியான சோதனை நாள். அன்று பக்கத்து வீட்டில் எந்த நெட் எத்தனை மணி வரை ஓடுகிறது என்று பாருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரை இன்வெர்ட்டர் லைன் உள்ள ப்ளக்கில் மாட்டினாலே முடிந்தது. இல்லையென்றால் ரவுட்டருக்கென்று விற்கும் மினி யுபிஎஸ் வாங்கலாம். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் படித்துக்கொள்ளுங்கள். பல ஃபைபர் பெட்டிகள் 12 வோல்ட். ஏர்ஃபைபரின் மாடி யூனிட் லேன் ஒயர் வழியாகவே மின்சாரம் எடுக்கும், அதன் அடாப்டர் வேறு வோல்ட்டாக இருக்கலாம். அப்படியானால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ரவுட்டரை மட்டும் உயிரோடு வைத்திருக்கும், மாடி யூனிட் செத்துக் கிடக்கும்.

படி 6: பில்லைப் பிரித்துப் படியுங்கள்

விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். 499 ரூபாய் என்றால் கையை விட்டுப் போவது 589. பொருத்தும் கட்டணம், பெட்டிக்கான டெபாசிட், எத்தனை மாதம் கட்டாயம் என்பது, ஓடிடி சேர்ந்த திட்டமா என்று நான்கையும் கேளுங்கள். ஓடிடி வேண்டாதவர்கள் வெறும் நெட் திட்டம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

உள்ளூர் கேபிள்காரரிடம் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். தள்ளுபடி எவ்வளவு ஆசை காட்டினாலும் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். மாதாமாதம் பணம் வாங்கும் வரைதான் நம் ஃபோனை எடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் பணம் நம் கையில் இருக்கும்போது பேச்சுக்கு மரியாதை கூடும். ஏர்ஃபைபரில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கட்டினால் பொருத்தும் கட்டணம் கிடையாது என்பார்கள். படி 4-ல் சொன்ன சோதனையை நீங்களே செய்து திருப்தியானால் மட்டும் அதற்குப் போங்கள்.

வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவையோ கம்ப்யூட்டரையோ நேரடியாகத் தொட வேண்டுமென்றால் நிலையான ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தேவைப்படும். ஏர்ஃபைபரிலும் பல கேபிள் இணைப்புகளிலும் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் நிற்கும். கேபிள்காரர்கள் பலர் கூடுதல் கட்டணத்தில் தனி முகவரி தருவார்கள். செயலி வழியாக மட்டும் கேமரா பார்ப்பவர்களுக்கு இது தேவையே இல்லை.

படி 7: உங்கள் வீடு எந்த ரகம்?

சொந்த வீடு, தெருவில் ஃபைபர் வீடு வரை வருகிறது, கூப்பிட்டால் ஆள் வருகிறார் என்றால் ஃபைபர்தான். வேறு யோசனை வேண்டாம். வீட்டிலிருந்து வேலை, ஆன்லைன் வகுப்பு எடுப்பவர், வீடியோ ஏற்றுபவர், 24 மணி நேரக் கேமரா, இவர்களுக்கும் ஃபைபரே.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், வருடத்துக்கு ஒருமுறை மாறுபவர்கள் ஏர்ஃபைபரைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். சுவரில் ஓட்டை போட வேண்டாம், போகும்போது முகவரி மாற்றிக்கொள்ளலாம். மாற்றிப் போகும் இடத்திலும் சிக்னல் இருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அடுக்குமாடியில் மொட்டை மாடி பொது இடம். சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள். மாடி யூனிட் வைத்த பிறகு செயலாளர் வந்து கழற்றச் சொன்னால் சங்கடம்.

நகரத்தை ஒட்டிய புது மனைப்பிரிவுகளில் ஏர்ஃபைபர் உண்மையிலேயே வரப்பிரசாதம். பத்து வீடுகளுக்காகக் கம்பம் நட்டு ஒயர் இழுக்க யாரும் வரமாட்டார்கள், டவரில் கூட்டமும் குறைவு. மனை நிறைய நிறைய வேகம் குறையும், அதற்குள் ஃபைபர் வந்துவிடும். அப்போது மாறிக்கொள்ளலாம்.

கிராமங்களில் முதலில் விசாரிக்க வேண்டியது பிஎஸ்என்எல் ஃபைபரை. பல ஊர்களில் அது உள்ளூர் கேபிள்காரர் வழியாகவே வருகிறது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் வேலையை டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் எடுத்துச் செய்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை அந்த ஒயர் வந்திருக்கிறதா, அங்கிருந்து வீடுகளுக்கு யாராவது கொடுக்கிறார்களா என்று ஊராட்சிச் செயலாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஏர்ஃபைபர் அல்லது டிஷ்.

படி 8: பொருத்தும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள்

ஃபைபர்காரர் சட்டைப் பையில் பவர் மீட்டர் வைத்திருப்பார். ஒயர் முனையை அதில் மாட்டி அளவைக் காட்டச் சொல்லுங்கள். ஜிபான் பெட்டி மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு) வரை தாங்கும். மைனஸ் 15-க்கும் 24-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 26 காட்டி "ஓடுது சார்" என்றால் ஏற்காதீர்கள். இன்று ஓடும், முதல் மழையில் பெட்டியில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். பெரும்பாலும் ஒரு ஜாயின்ட்டை மறுபடி ஒட்டினால் சரியாகிவிடும், அதை அன்றைக்கே செய்யச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தேதியோடு பெட்டியின் பின்னால் எழுதி ஒட்டுங்கள். பிறகு கோளாறு வரும்போது லைன்மேனிடம் காட்ட உதவும்.

ஜன்னல் சந்து வழியாக வரும் இழையைச் செங்குத்தாக மடிக்க விடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி, கூர்மையாக மடிந்தால் ஒளி கசியும். கதவிடுக்கில் நசுங்கும் பாதையும் வேண்டாம். பெட்டிக்குப் பின்னால் இரண்டு வளையம் உபரி ஒயர் சுற்றி வைக்கச் சொல்லுங்கள், முனை போனால் வெட்டி மறுபடி மாட்ட வேண்டியிருக்கும்.

ஏர்ஃபைபர் என்றால் யூனிட்டை நீங்கள் குறித்து வைத்த மூலையில் வைக்கச் சொல்லுங்கள். கைபிடிச் சுவரில் வசதியாக இருக்கிறது என்று அங்கே முடித்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். யூனிட்டில் ஒயர் நுழையும் இடம் கீழ்நோக்கி இருக்கட்டும், மழைநீர் இறங்காது. ஒயர் சுவரில் க்ளிப் அடித்து இறங்க வேண்டும், காற்றில் ஆடக் கூடாது.

ரவுட்டர் வைக்கும் இடத்தில்தான் பாதி வீடுகளில் வேகம் காணாமல் போகிறது. டிவி ஸ்டாண்டுக்குள்ளும், பீரோ மேலும், ஃப்ரிட்ஜ் பின்னாலும் வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். வைஃபையில் இரண்டு அலைவரிசை உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், மெதுவானது. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவரைத் தாண்டாது. டிவிக்கும் அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் முடிந்தால் லேன் ஒயர் கொடுங்கள். மூன்று அறைக்கு மேல் இருந்தால் மெஷ் ரவுட்டர் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக ஓடுவது) அல்லது இரண்டாவது ரவுட்டரை ஒயரில் இணைப்பது உத்தமம்.

முதல் வாரத்தில் ராத்திரி சோதனையை மறுபடி செய்யுங்கள். ரவுட்டருக்கு லேன் ஒயரில் லேப்டாப்பை இணைத்து ஒரு தடவை, வைஃபையில் ஒரு தடவை. ஒயரில் நன்றாகவும் வைஃபையில் மோசமாகவும் இருந்தால் கேபிள்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, ரவுட்டரின் இடத்தை மாற்றுங்கள். இரண்டிலும் மோசம் என்றால் படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

படி 9: கோளாறு வந்தாலும், மாற நினைத்தாலும்

வாட்ஸ்அப்பில் லைன்மேனுக்குச் சொல்வது வேகமான வழிதான். கூடவே நிறுவனத்தின் புகார் எண்ணிலும் பதிவு செய்து புகார் நம்பரை வாங்கிவிடுங்கள். அந்த நம்பர் இல்லாமல் மேலே எங்கும் போக முடியாது. சரியாகாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனி நபர் புகார்களை விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தொலைத்தொடர்பு சேவையும் சேர்க்கப்பட்டிருப்பதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போக வழி இருக்கிறது.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதாக இருந்தால் பழையதை உடனே நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். அந்த மாதப் பணம் வீண் போகாது, புதியதில் கோளாறு இருந்தால் தெரிந்துவிடும். திருப்தியான பிறகு பழைய இணைப்பை எழுத்தில், மெயிலிலோ செயலியிலோ, நிறுத்தச் சொல்லுங்கள். பில் கட்டாமல் விட்டால் தானாக நின்றுவிடும் என்று விடுகிறவர்களுக்குப் பெட்டியின் விலை கேட்டு நோட்டீஸ் வருவதுண்டு. பெட்டி, அடாப்டர், ஒயர் மூன்றையும் திருப்பிக் கொடுத்து, பெட்டியின் சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்கி, டெபாசிட் வங்கிக் கணக்கில் ஏறும் வரை அதைப் பத்திரமாக வையுங்கள்.